எச்சில் படாத கண்ணாடி

“தண்ணிக்குள்ள மூச்சு வுடறதுக்கு ஸ்கூலாக்கா? எங்க காசிமேட்டுல தண்ணிக்குள்ள மூச்சு வுட்டுப் பாத்தவன் எவனும் திரும்பி வந்து பாடம் எடுத்தது கெடையாது.”

வால்டர் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். வேறு யாரும் சிரிக்காததால் சீக்கிரமே நிறுத்தியும் கொண்டான்.

ராயபுரம் கல்மண்டபத்தில், குடை ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில், ஓர் அறையும் ஒன்றரை மின்விசிறியும் கொண்ட ஸ்தாபனம் ‘அன்பு துப்பறியும் நிலையம்’. அதன் முதலாளி அன்புக்கரசி, இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினோரு வருஷம் க்ளெய்ம் பார்த்தவள். எரியாத கடைக்குத் தீ விபத்து கேட்டவர்களையும், சாகாத மாமனாரின் படத்துக்கு மாலை போட்டவர்களையும் அலுக்க அலுக்கப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள். அதன் மற்ற எல்லா உத்தியோகமும் வால்டர்தான். உதவியாளன், டீ வாங்குபவன், சமயத்தில் சந்தேகத்துக்குரிய நபர்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். பெயர் ஷாஸியா. விலங்கியல் முதுகலை. மேசைமேல் இரண்டு நோட்டீஸ்களை வைத்தாள்.

“இருபதாம் தேதி லட்சத்தீவுல நான் வேலைல சேரணும் மேடம். பவளப்பாறை சர்வே. ஆரம்பநிலை டைவிங் சர்ட்டிபிகேட்டோட வரணும்னு லெட்டர்லயே போட்டிருக்காங்க. சேர்ந்த மறுநாளே கடல்ல இறக்கிடுவாங்களாம்.”

“இன்னிக்குத் தேதி எட்டு.”

“அதான். ரெண்டு இடத்துலயும் நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு பேட்ச். ஒண்ணைத்தான் பிடிக்க முடியும். இந்த சர்ட்டிபிகேட்டுக்கு அங்கீகாரம் தர்ற வெளிநாட்டுச் சங்கத்துக்கு ப்ரௌசிங் சென்டர்லேர்ந்து மெயில் போட்டுக் கேட்டேன். பத்து வேலை நாளுக்குள்ள பதில் சொல்வாங்களாம்.”

“அப்பா என்ன சொல்றாரு?”

ஷாஸியா பெருமூச்சு விட்டாள். அவள் அப்பா ஹபீபுல்லாவுக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை. “அத்தா கப்பலைப் படத்துல பாத்தாலே கண்ணை மூடிப்பாங்க. ‘அந்தத் துப்பறியற அம்மா எதைச் சொல்றாங்களோ அதுல சேரு. ரெண்டும் தேறாதுன்னாங்கன்னா வேலை வேணாம், வீட்டுல இரு’ன்னுட்டாங்க.”

வால்டர் நோட்டீஸ்களை எடுத்தான். முதலாவது பளபளவென்று நான்கு மடிப்பு. ‘சமுத்ரா இன்டர்நேஷனல் அகாடமி ஆஃப் அண்டர்வாட்டர் எக்ஸலன்ஸ், திருவொற்றியூர். மூன்றே நாள். நூறு சதவீதத் தேர்ச்சி.’ அட்டையில் வெள்ளை யூனிபார்மும் தங்கப் பட்டைகளுமாக ஒருவர் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பெயருக்குப் பதிலாக ‘கேப்டன்’ என்று மட்டும்.

இரண்டாவது ஜெராக்ஸ் போட்ட அரைத்தாள். ‘வரதன். கடலடி வேலை, முக்குளிப்புப் பயிற்சி. ஐந்து நாள். எண்ணூர் நெட்டுக்குப்பம், பழைய ஐஸ் ஃபேக்டரி. ஜலதோஷம் இருந்தால் வர வேண்டாம்.’

“இதுல துப்பறிய இன்னாக்கா கீது? ஒரு பக்கம் கேப்டன். ஒரு பக்கம் ஜலதோஷம்.”

“வண்டியை எடுடா,” என்றாள் அன்புக்கரசி.

ஐஸ் ஃபேக்டரி மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. கூரை பாதி போய், பத்தடி ஆழத் தண்ணீர்த் தொட்டி மட்டும் முழுசாக இருந்தது. அதில்தான் வரதனின் பள்ளிக்கூடம். கப்பல்களின் அடிவயிற்றைச் சுரண்டுவதும், கடலுக்குள் போகும் குழாய்களை அடைப்பெடுப்பதும் வரதனின் தொழில். கவிழ்த்த பக்கெட்டின் மேல் கைலியோடு உட்கார்ந்து மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. காற்றடைக்கும் கம்ப்ரஸர் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது.

“வாத்தியாரே, பாடம் எப்போ?” என்றான் வால்டர்.

வரதன் இன்னொரு முறை மோந்து பார்த்தான். “சிலிண்டர் ரொப்பணும். இப்போ ஆவாது. மூணு மணிக்கு மேல பாக்கலாம்.”

“கரண்ட் இல்லியா?”

“கீது.”

“டீசல்?”

“கீது.”

“அப்பால இன்னா நைனா கேடு?”

வரதன் மறுபடியும் மூக்கை வானத்துக்குத் தூக்கினான். இந்த ஆளுக்குச் சோம்பல் என்று வால்டர் மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டான்.

நேற்று நிரப்பியதில் மிச்சமிருந்த ஒரே சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரு மாணவன் தொட்டியின் அடியில் மண்டிபோட்டிருந்தான். வால்டர் விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தான். மாணவன் அண்ணாந்து பார்த்தான். பாவம், நமக்கு மேலே ஒருவன் இருக்கிறான் என்று அவனுக்கும் ஒரு தெம்பு வரட்டுமே என்று வால்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

மாணவன் மெள்ள எழும்பி மேலே வந்து, முகமூடியைக் கழற்றி, “இன்னாச்சு, ஏன் கூப்டீங்க?” என்றான்.

“நான் எங்கடா கூப்டேன்? சூப்பர்னு சொன்னேன்!”

“எவன்டா அவனை மேல ஏத்தினது?” வரதன் பக்கெட்டை உதைத்துக்கொண்டு எழுந்து வந்தான். “தண்ணிக்குள்ள கட்டைவிரல் காட்டினா மேல போவணும்னு அர்த்தம். நல்லா கீதுன்னா இப்டி.” கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினான். “நீ ஒண்ணுத்தையும் காட்டாதே. கையைப் பாக்கெட்ல வெச்சுக்கோ.”

சொன்ன கையோடு மாணவனின் முகமூடியை வாங்கி, அதன் கண்ணாடிக்குள் காறாமல் அளவாகத் துப்பினான். விரலால் தேய்த்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கித் திருப்பிக் கொடுத்தான். மாணவனும் முகம் சுளிக்காமல் மாட்டிக்கொண்டான்.

அவனுக்கும் சேர்த்து வால்டர் முகம் சுளித்தான். “கலீஜ்!”

“மூச்சுக் காத்து பட்டா கண்ணாடி மூடிக்கும். எச்சில் தேச்சா மூடாது.”

“மழையில எங்காளுங்க ஆட்டோ கண்ணாடில பொயிலை தேய்ப்பாங்க. அத்த வெச்சுக்கறதுதானே?”

“நீ வெச்சுக்கோ. கண்ணு எரியும்,” என்றான் வரதன்.

அன்புக்கரசி சிலிண்டர் வரிசையைப் பார்த்து முடித்திருந்தாள். இப்போது கேட்டாள். “எத்தனை பேருக்கு சர்ட்டிபிகேட் தரலை?”

எந்தக் கடைக்காரனிடமும் கேட்கக் கூடாத கேள்வி. வரதன் சந்தோஷமாக உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தான். அட்டையில் ‘ஆவாதவங்க’ என்று எழுதியிருந்தது.

வால்டர் உரக்கப் படித்தான். “சிவந்தி. காது வலி. ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னேன். பக்தவச்சலம், ரிட்டயர்ட் ஆபீசர். தண்ணிக்கு ஆர்டர் போடறார். கிருஷ்ணப்பன். மூணு வாட்டி வந்தார். பத்து நிமிஷம் மிதக்கணும். நாலு நிமிஷம்தான் தாங்கினார். கண்ணாடியில் எச்சில் துப்ப மாட்டேன்னார், அசிங்கமாம்.” நோட்டை மூடினான். “யக்கா, ஒருத்தன்தான் இதுல கவுரவமான ஆளு.”

“நீ போய் டீ சொல்லு,” என்றாள் அன்புக்கரசி.

அவன் டீயோடு திரும்பி வந்தபோது அவளும் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். ஒட்டுவாரொட்டியாக இருக்குமோ என்று வால்டர் பயந்தான்.

திருவொற்றியூர் அகாடமியின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே ஏ.சி. முகத்தில் அடித்தது. மீன்தொட்டி. தோல் சோபா. ரிசப்ஷன் பெண்ணின் கழுத்தில்கூட நங்கூரம். வால்டர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தான்.

கேப்டன் நேரில் வந்தார். வெள்ளை யூனிபார்ம், தோளில் நாலு தங்கப் பட்டை, மார்பு வரை தங்க பட்டன்கள். வால்டரின் கை தன்னால் சல்யூட் வைத்தது.

“அட் ஈஸ்,” என்று கையை இறக்கச் சொன்னார் கேப்டன்.

வால்டருக்கு உடம்பு சிலிர்த்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவனிடம் யாரும் அட் ஈஸ் என்று சொன்னதில்லை.

“எங்க வீட்டுப் பொண்ணைச் சேக்கணும் சார்,” என்றாள் அன்புக்கரசி, முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு. க்ளெய்ம் பார்க்கப் போன இடங்களில் அவள் இப்படித்தான் அப்பாவியாகிவிடுவாள் என்று வால்டருக்குத் தெரியும். “தண்ணின்னாலே பயம். பாஸ் பண்ணிடுவாளா?”

“மேடம், ஃபெயில் என்கிற வார்த்தையே எங்க டிக்‌ஷனரில இல்ல. மூணாவது நாள் மாலை சர்ட்டிபிகேட். தங்க பார்டர், வெல்வெட் ஃபைல்.”

“மிதக்கணும் கிதக்கணும்னு பயமுறுத்தறாங்களே?”

“ஓல்ட் ஸ்கூல்! வீ ஆர் சயின்டிஃபிக்.”

கேப்டன் அலமாரியைத் திறந்தார். முகமூடிகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், ஜவுளிக்கடைச் சேலை போல அடுக்கியிருந்தன. “எல்லாம் மருந்து போட்டுத் துடைச்சது. இங்க எச்சில் துப்பற அநாகரிகமெல்லாம் கிடையாது.”

வால்டர் வரதனை நினைத்துக்கொண்டு பலமாகத் தலையாட்டினான். அன்புக்கரசி ஒரு கணம் ஆடாமல் நின்றாள். பிறகு சிலிண்டரைத் தொட்டு, “இதுல என்ன சார் ரொப்பறீங்க?” என்றாள்.

“பியூர் ஆக்சிஜன்! ஹண்ட்ரட் பர்சென்ட்! எங்க ஸ்டூடண்ட்ஸ்க்கு நாங்க சாதாரணக் காத்தெல்லாம் தர்றதில்ல.”

“எப்போ ரொப்புவீங்க?”

“எப்ப வேணும்னாலும். பின்னாடி மெஷின் இருக்கு. பட்டனைத் தட்டினா ஆச்சு.”

பின்பக்கச் சன்னல் வழியாக வால்டரும் பார்த்தான். மணலிக்குப் போகும் டேங்கர் லாரிகள் புகை கக்கிக்கொண்டு வரிசையில் நின்றன. அவற்றின் வால் பக்கமாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கம்ப்ரஸர்.

சுவரில் ஆளுயரப் படம். கேப்டன் நீலத் தண்ணீருக்குள், சுற்றிலும் குமிழிகள், முகத்தில் சிரிப்பு, உயர்த்திய கட்டைவிரல்.

“ஆஹா,” என்றாள் அன்புக்கரசி. “இந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் சார்?”

“சூப்பர்னு அர்த்தம் மேடம். உலகம் பூரா ஒரே பாஷை.”

வால்டர் பாக்கெட்டுக்குள் இருந்த தன் கையை நினைத்துக்கொண்டான். ஆனால் நாலு தங்கப் பட்டையை ஒரு விரலுக்காக விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

“நீச்சல்குளத்தைப் பாத்துட்டா நிம்மதியாப் போவேன்,” என்றாள் அன்புக்கரசி.

குளம் நீல டைல்ஸ் பதித்து ஜொலித்தது. ஓரத்தில் ‘எட்டடி’ என்று எழுதியிருந்தது. கேப்டன் விளிம்பிலிருந்து இரண்டு கஜம் தள்ளியே நின்று கையை வீசி வீசி விளக்கினார். வால்டர் விளிம்பில் நின்று தன் முகத்தையும் அதில் நாலு தங்கப் பட்டையையும் கற்பனை செய்துகொண்டிருந்தான். அப்போது முதுகில் ஒரு கை பட்டது. அது இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினோரு வருஷம் முத்திரை குத்திய கை. அடுத்த நொடி வால்டர் தண்ணீருக்குள் இருந்தான்.

காசிமேட்டில் பிறந்தவனுக்கு எட்டடி ஒரு பொருட்டா? ஆனால் தள்ளியது யார் என்பதை யோசித்ததும் வால்டருக்கு வேலை விளங்கிவிட்டது. ஒருமுறை மேலே வந்து, “யம்மாடி!” என்று அலறி, கைகால்களை உதறி, உருப்படியாக மூழ்கினான். அடியில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினான்.

மேலே விசில் சத்தம் கேட்டது. மறுபடியும் விசில். தண்ணீருக்குள் யாரும் குதிக்கவில்லை. நாற்பது எண்ணியதும், என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஏணி ஓரமாகத் தலையை நீட்டினான்.

அட் ஈஸ் காணாமல் போயிருந்தது. கேப்டன் குளத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். “டேய் வாட்ச்மேன்! எவனாச்சும் வாங்கடா டேய்! ஒரு ஆளு மூய்கிகினு கீறான்டா! பேஜாராப் பூடும்டா!”

“கிருஷ்ணப்பன்!” என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் அன்புக்கரசி.

“இன்னா?” என்று திரும்பினார் கேப்டன்.

திரும்பியதும்தான் அவருக்கு உறைத்தது. கையிலிருந்த விசில் தண்ணீரில் விழுந்தது. வால்டர் அதைப் பொறுக்கிக்கொண்டு படியேறி வந்தான்.

“யக்கா, இன்னும் ஒரு நிமிஷம் தம் இருந்துச்சு. இவரு என் சாவைக்கூட ஒழுங்கா வேடிக்கை பாக்கலை. ஆமா, நோட்டுல இருந்த அந்தக் கவுரவமான ஆளு இவருதானா?”

“எச்சிலைப் பத்தி நானும் கேக்கலை, நீயும் கேக்கலை,” என்றாள் அன்புக்கரசி. “அவராத்தான் எடுத்தாரு. தீ எப்படிப் பிடிச்சுதுன்னு நாம கேக்கறதுக்கு முன்னாடி, ‘மண்ணெண்ணெய் இல்லீங்க’ன்னு சொல்ற ஆளை நான் நிறைய பாத்திருக்கேன். எச்சில் துப்பாம போன ஒருத்தர் பேரு நமக்குத் தெரியும். கூப்பிட்டுப் பாத்தேன். அந்தக் கட்டைவிரலும் ஆக்சிஜனும் கொசுறு. ஆழத்துல சுத்த ஆக்சிஜனை இழுத்தா வலிப்பு வந்துடும்டா. சிலிண்டர்ல ரொப்ப வேண்டியது சாதாரணக் காத்துதான்.”

“அப்போ அந்த வரதன் ஏன் ரொப்பாம குந்திகினு இருந்தான்?”

“காலைல காத்து மணலி ரிஃபைனரிப் பக்கத்துலேர்ந்து அடிக்குது. அந்த நாத்தத்தை சிலிண்டருக்குள்ள அடைச்சா, உள்ள போறவன் அதைத்தானே மூச்சு விடணும்? கடல் காத்து திரும்பற வரைக்கும் அந்த ஆளு மெஷினைத் தொடறதில்ல. நீ டீக்குப் போனப்போ சொன்னாரு, அந்த வெளிநாட்டுச் சங்கத்து வாத்தியார் அட்டையையும் காட்டினாரு. அது சோம்பல் இல்லடா, பாடத்துல பாதி.”

கிருஷ்ணப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வால்டர் முதல் முறையாக அந்தத் தங்க பட்டன்களைக் கிட்டத்தில் பார்த்தான். நங்கூரம் என்று நினைத்தது நங்கூரம் இல்லை. ஊதுகுழல்.

“கல்யாண பேண்டு செட்டா மாமு?”

“பதினாலு வருஷம்,” என்றார் கிருஷ்ணப்பன் தரையைப் பார்த்தபடி. “மாஸ்டர். ட்ரம்பெட். ஆர்க்கெஸ்ட்ரா வந்தப்புறம் எவனும் கூப்புடலை. யூனிபார்ம் மட்டும் மிச்சம். மொதல்ல நெசமாத்தாம்மா கத்துக்கப் போனேன். அந்தாளு நோட்டுல எழுதிட்டான்.”

“போட்டோ?”

“உள்ளாற மீன்தொட்டிக்குப் பின்னாடி நின்னு எடுத்தது.”

“சர்ட்டிபிகேட்?”

“கல்யாணப் பத்திரிகை அடிக்கற பிரஸ்ஸு.”

“எத்தனை பேரு வாங்கிட்டுப் போயிருக்காங்க?” அன்புக்கரசியின் குரலில் இப்போது முந்தானை இல்லை.

“பதினொண்ணு. கடல்ல எறங்கலை எவனும். எல்லாம் வூட்ல மாட்டி வெச்சிருக்கானுங்க.”

“எறங்கறதுக்கு முன்னாடி பதினோரு பேருக்கும் இப்பவே, என் எதிர்ல போன் போடுங்க. அது செல்லாதுன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் போர்டைக் கழட்டுங்க. கழட்டலைன்னா நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பேன்.” கைப்பையை மாட்டிக்கொண்டவள் நின்றாள். “ஆறு மணிக்கு நெட்டுக்குப்பத்துல இருப்பேன். அங்க வர்றதுக்கு யூனிபார்ம் வேணாம்.”

மறுநாள் ஆறு மணி. ஐஸ் ஃபேக்டரித் தொட்டியில் ஷாஸியா முழுக்கை நீச்சலுடையில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். விளிம்பில் ஹபீபுல்லா தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு துண்டு, பக்கத்தில் ஃப்ளாஸ்க். துணிக்கடைக்காரர் என்பதால் துண்டுக்குப் பஞ்சமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் மகளைப் பார்ப்பதுமாக, அவளைவிட அதிகமாக அவர்தான் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை நிமிஷம் ஆச்சும்மா?” என்று அன்புக்கரசியிடம் மூன்றாவது முறை கேட்டார்.

“ஒன்பது பாய்.”

“போதுமே, ஏறச் சொல்லுங்களேன். ஒரு நிமிஷத்துல என்ன வந்துடப் போவுது?”

“அந்த ஒரு நிமிஷத்தைக் கழிச்சுக் குடுக்கற இடம் திருவொற்றியூர்ல இருந்துது பாய்,” என்றான் வால்டர். “நேத்துதான் மூடினோம்.”

“பத்து,” என்றான் வரதன். “ஏறு. காது வலிக்குதா? ஜலதோஷம்? சரி, போய் சிலிண்டர் கட்டு. நேத்து சாயங்காலம் ரொப்பினது, நல்ல காத்து. மூணு நாளு இங்க. அப்பால ரெண்டு நாளு பாண்டிச்சேரி கடல்ல நாலு முக்கு. அதையும் செஞ்சா பதிமூணாம் தேதி கையெழுத்து போட்டுத் தரேன். செய்யலைன்னா நோட்டுல எழுதிடுவேன்.”

ஷாஸியா தண்ணீர் சொட்டச் சொட்ட அத்தாவைப் பார்த்தாள். ஹபீபுல்லா இரண்டு துண்டையும் அவள் தோளில் போர்த்திவிட்டு, வரதனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவர் கண்டிப்பா இருக்காரு,” என்றார் அன்புக்கரசியிடம். “பாண்டிச்சேரிக்கு நானும் வருவேன். படகுல ஏற மாட்டேன், கரையில நிப்பேன். இவ பேரை எழுதிக்கச் சொல்லுங்க, அந்த நோட்டுல இல்ல, நல்ல நோட்டுல.”

அப்போது உடைந்த கேட் கிறீச்சிட்டது. கிருஷ்ணப்பன் வந்தார். கைலி, முண்டா பனியன். தோளில் பட்டை இல்லாததால் தோளே இல்லாதவர்போல் இருந்தார். யாரையும் பார்க்காமல் வந்து வரதன் எதிரில் நின்றார்.

வரதன் நோட்டைத் திறந்து பழைய பக்கத்தைத் தேடினான். “நாலாவது வாட்டி,” என்றான். ஒரு முகமூடியை எடுத்து நீட்டினான்.

கிருஷ்ணப்பன் முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பதினாலு வருஷம் ட்ரம்பெட் ஊதிய கன்னங்களை ஒருமுறை உப்பவைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, துப்பினார்.

அது கண்ணாடியைத் தாண்டி வால்டரின் செருப்புக் காலில் விழுந்தது.

“யக்கா!” என்று அலறினான் வால்டர்.

“விடுடா,” என்றாள் அன்புக்கரசி. “முதல் தடவை.”

வரதன் பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டான். “கிட்ட வெச்சுத் துப்பு,” என்றான். “அப்பால மிதக்கறதைப் பாக்கலாம்.”